வயதான பிறகு பீடியை விடுவது எப்படி: ஓய்வுபெற்ற ஒரு கண்டக்டரின் நோட்டிலிருந்து

"என்ன வே, எழுபது வயசுக்கு மேல விட்டு என்னத்த சாதிக்கப் போறீரு?"

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடும். கேட்பவர்கள் என் வயதுக்காரர்கள், பீடியோ சிகரெட்டோ கையில் இருப்பவர்கள். நானும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டவன்தான். 33 வருஷம் பஸ் கண்டக்டராக ஓடினேன், 42 வருஷம் பீடி குடித்தேன். 2016-இல், 63 வயதில் விட்டேன். இப்போது 72. எப்படி விட்டேன், விட்ட பிறகு உடம்பை எப்படித் தேற்றினேன் என்பதை, கேட்பவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி அலுத்துப் போய் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவர் 1951-இல் ஓர் ஆய்வு தொடங்கினார். 34,439 ஆண் டாக்டர்களின் புகைப் பழக்கத்தை எழுதி வாங்கி, ஐம்பது வருஷம் விடாமல் அவர்களைத் தொடர்ந்தார்கள். கடைசிக் கணக்கு 2004-இல் வெளிவந்தது. விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 வருஷம் முன்னதாகவே போய்விட்டார்கள். 30 வயதில் விட்டவர்கள் அந்தப் பத்தையும் கிட்டத்தட்ட மீட்டார்கள். 40-இல் விட்டவர்கள் 9, 50-இல் விட்டவர்கள் 6, 60-இல் விட்டவர்கள் 3 வருஷம் மீட்டார்கள். அறுபதில் விட்டவருக்கும் மூன்று வருஷம்! பேத்தி பள்ளிக்கூடம் முடித்துக் காலேஜ் போவதைப் பார்க்க மூன்று வருஷம் போதும். ஆய்வு நடத்திய டாலும் முன்பு சிகரெட் பிடித்தவர்தான். முப்பதுகளில் விட்டவர் 92 வயது வரை இருந்தார்.

இதைச் சொன்னால் உடனே, "எங்க தாத்தா சுருட்டு குடிச்சே தொண்ணூறு இருந்தாரு" என்பார்கள். பிரான்ஸில் ஜான் கால்மோன் என்ற அம்மாள் 122 வயது வரை இருந்து 1997-இல் இறந்தார். நூறு தாண்டியும் சிகரெட் பிடித்தவர். நாளைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை என்கிறார்கள். சரி, இருக்கட்டும். பஸ் கடைசி ஸ்டாப்புக்கு வரும்போது உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வழியில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, இன்வாய்ஸ் என்கிற டிக்கெட் கணக்கை எழுதிய கண்டக்டருக்குத்தான் தெரியும். என்னோடு டிப்போவில் பீடி குடித்த கூட்டாளிகளில் பாதிப் பேர் எழுபதைப் பார்க்கவில்லை. நெடுங்காலம் புகைப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை அந்தப் புகையே கொண்டுபோகிறது என்று டாலின் கணக்கும் சொல்கிறது.

ஒரு வாரம் இன்வாய்ஸ் எழுதுங்கள்

விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. தவிர்க்கவே கூடாது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பீடியையும் பற்றவைப்பதற்கு முன்னால் எழுதுங்கள். மணி, இடம், கூட யார், அதற்கு முன் என்ன செய்து கொண்டிருந்தீர்கள் என்று நாலு கட்டம் போதும். எங்கள் வேலையில் ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் எண்ணைக் குறித்து இன்வாய்ஸ் முடிப்போம். அதே பழக்கம்தான். குறைக்க வேண்டாம், எப்போதும் போலக் குடியுங்கள். எழுத மட்டும் தவறாதீர்கள்.

என் முதல் நாள் கணக்கு 22. அதில் வேண்டும் என்று மனம் உண்மையிலேயே கேட்டது ஏழோ எட்டோதான். மற்றதெல்லாம் இடத்தோடும் ஆளோடும் ஒட்டிக்கொண்டவை. காலையில் கக்கூஸ் போவதற்கு முன் ஒன்று. காபி குடித்ததும் ஒன்று. டீக்கடையில் யாராவது நீட்டினால் ஒன்று. மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்று. கரண்ட் போனால் ஒன்று. ராத்திரி மோட்டார் போட்டுவிட்டுத் தண்ணீர் தொட்டி நிரம்பும் வரை இரண்டு. இது எனக்கே தெரியாமல் இருந்தது. இருபத்திரண்டு பீடியை விடுவது என்றால் மலைப்பாக இருந்தது, காலையில் கக்கூஸ் போவதற்கு ஒரு மாற்று வழி கண்டுபிடிப்பது என்றால் மலைப்பாக இல்லை.

அதனால் நோட்டில் எதிர்ப்பக்கம் ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் நேரே ஒரு மாற்று எழுதுங்கள். தொட்டி நிரம்பும் வரை கொல்லையில் முருங்கைக்கீரை உருவுவேன் என்று நான் எழுதினேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் பாதித் தேவை போய்விடும். மொச்சை உரிப்பது, பூண்டு உரிப்பது, பூ கட்டுவது எதுவானாலும் சரி, இரண்டு கையும் ஈடுபட வேண்டும்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்

இளவட்டங்கள் யாரிடமும் கேட்காமல் விடலாம். நம் வயதில் மாத்திரை சாப்பிடாதவர் யார்? பீடிப் புகை ஈரலைச் சில மருந்துகளை வேகமாகக் கரைக்கும்படி பழக்கி வைத்திருக்கும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் சில நாளில் குறைந்துவிடும், அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கும். இளைப்புக்கு நம் பக்கம் நிறையப் பேர் சாப்பிடும் டெரிபிளின் அப்படிப்பட்டது. அளவு கூடினால் படபடப்பும் குமட்டலும் வரும். மனநலத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் இப்படித்தான். இன்சுலின் போடுகிறவர்கள் முதல் சில வாரம் சுகரை வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். எல்லாச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய், "இந்தத் தேதியில் பீடியை விடப் போகிறேன்" என்று சொல்லுங்கள்.

காபியும் அதே கதைதான். நான் நாளைக்கு ஐந்து காபி குடிப்பவன். விட்ட முதல் வாரம் தூக்கமே இல்லை, கை நடுக்கம் வேறு. பீடி கேட்டு உடம்பு செய்கிற வேலை என்று நினைத்தேன். பாதி, காபி செய்த வேலை. பீடி விட்டவர் உடம்பில் காபியின் வீரியம் இன்னும் அதிக நேரம் நிற்கும் என்று பிறகுதான் தெரிந்தது. ஆகவே விடுகிற நாளிலேயே காபி, டீயைப் பாதியாக்குங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம்.

முடிந்தால் குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நான் ஊதியபோது அந்த டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு 63, உங்க நுரையீரலுக்கு 85" என்றார். அந்த ஒரு வரி என்னை அசைத்த மாதிரி எந்தப் புத்திமதியும் அசைத்ததில்லை. போன மூச்சு திரும்புமா என்று கேட்டேன். திரும்பாது, ஆனால் விட்டால் இனிமேல் குறைவது மற்றவர்களுக்கு வயதில் குறைவது போல மெதுவாகக் குறையும், விடாவிட்டால் சரிவு இதே வேகத்தில் போகும் என்றார். எங்கள் ஊர்ப் படித்துறையில் 23 படி. அன்றைக்கு ஆற்றில் குளித்துவிட்டு ஏறும்போது எட்டாவது படியிலும் பதினாறாவது படியிலும் நின்றேன். அதையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

தேதியும் வீடும்

தேதியைப் பொங்கலுக்கோ புத்தாண்டுக்கோ வைக்காதீர்கள். விருந்தாளி, கூட்டம், எல்லாம் சேர்ந்து கவிழ்த்துவிடும். நான் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமையைப் பிடித்தேன். ஆடியில் கல்யாண வீடு கிடையாது, எங்கள் கோயில் கொடைத் திருவிழாவும் சித்திரையில்தான். முதல் மூன்று வாரம் கூட்டத்தில் நிற்க வேண்டிய அவசியம் இல்லாத காலமாகப் பாருங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாள் குறித்து ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள்தான் கூடுதலாக நிலைக்கிறார்கள் என்று 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. என் அனுபவமும் அதுதான். குறைத்து ஐந்தில் நிறுத்தி வைத்திருந்த காலங்கள் எனக்கு உண்டு, ஒவ்வொரு முறையும் பத்து நாளில் இருபதுக்கு வந்துவிட்டது. "ஒண்ணு ரெண்டுதானே" என்பதிலும் அர்த்தமில்லை. நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு, இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் பாதி அளவு வந்துவிடுகிறது. பீடி சின்னது, இலையில் சுற்றியது, அதனால் சாது என்பதும் பொய். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், அதனால் உள்ளே போகும் புகை குறைவதே இல்லை.

முந்தின நாள் ராத்திரி வீட்டைச் சுத்தம் செய்யுங்கள். தீப்பெட்டி அடுக்களையில் மட்டும் இருக்கட்டும். சாம்பல் தட்டும் சிரட்டையைத் தூக்கி எறியுங்கள். சட்டை, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்துப் போடுங்கள். நான்கைந்து நாளில் மூக்குக்கு வாசனை திரும்ப ஆரம்பிக்கும்போது பழைய புகை நாற்றம் உங்களைக் கூப்பிடக் கூடாது.

எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது. என் மனைவி பன்னிரண்டு வயதில் இருந்து பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகு, சுளகில் வெட்டின இலை, ஒரு ஓரத்தில் தூள், விரலில் நூல். எந்நேரமும் வீடு முழுக்கப் புகையிலை வாசம். பீடிக்கடையில் கழித்துவிடுகிற பீடிதான் பல வருஷம் எனக்கு இலவச சப்ளை. நான் விடப்போகிறேன் என்று சொன்னதும் அவள் ஒன்றும் பேசவில்லை. ஆடி திங்கட்கிழமை காலையில் பார்த்தால் சுளகைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டாள். "ரெண்டு மாசம் அங்கன இருந்து சுத்துறேன், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றாள். கழிவுப் பீடியை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. வீட்டில் ஒருவர் இப்படித் துணை நிற்காவிட்டால் என்னால் முடிந்திருக்காது. ஆகவே ஒருவரிடமாவது முன்கூட்டியே, உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். "நான் எரிந்து விழுந்தால் பதினைந்து நாள் பொறுத்துக்கொள்" என்று கேட்பதும் ஓர் உதவிதான்.

அவளுக்காகவும்தான் விட்டேன். 1981-இல் ஜப்பானில் ஹிராயாமா என்ற மருத்துவர், புகைக்கும் கணவர்களின் மனைவிமார்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருவதைக் கணக்கெடுத்துக் காட்டினார். அந்தப் பெண்கள் ஒரு சிகரெட்டும் தொடாதவர்கள்.

முதல் மூன்று வாரம்

காலையில் இருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் நம் வயதுக்காரர் பலர் தோற்பது அங்கேதான். "பீடி குடிச்சாத்தான் வயிறு கழியுது." இது மனப்பிரமை இல்லை. புகையிலையில் இருக்கும் நிகோடின் குடலை முடுக்கிவிடுகிறது, நிறுத்தினால் மலச்சிக்கல் வருவது சகஜம். நான் செய்தது இது. எழுந்ததும் இரண்டு செம்பு வெந்நீர். பிறகு பத்து நிமிஷம் தெருவில் நடை. பிறகு கக்கூஸில் போய் அவசரப்படாமல் உட்காருவது, வந்தாலும் வராவிட்டாலும் அதே நேரத்துக்கு. ராத்திரி படுக்கும் முன் நாட்டு வாழைப்பழம் இரண்டு. மத்தியானம் கீரை கட்டாயம். முதல் வாரம் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை, இசப்கோல் உமியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். பதினெட்டாம் நாள் வாக்கில் பீடி இல்லாமலேயே வயிறு பழைய நேரத்துக்கு வந்துவிட்டது.

பீடி கேட்டு மனம் இழுப்பதற்கு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சம். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்தேன், நெஞ்சுக்குள் ஏதோ பிறாண்டுகிற மாதிரி. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், 1.40. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. எந்த இழுப்பும் நாலைந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காது, அலை மாதிரி ஏறி இறங்கிவிடும். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1.44 வரை உயிர் போகிற மாதிரி இருந்தது. 1.46-க்கு, மாடு தண்ணீர் இல்லாமல் கத்துவது காதில் விழுந்தது, எழுந்து போய்த் தண்ணீர் காட்டினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இழுப்பு வரும்போதெல்லாம் மணியைப் பார்த்துக் குறிப்பது என்று வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் 19 தடவை. பத்தாம் நாள் 6 தடவை.

பீடி இல்லாமல் நிகோடினைக் கொஞ்சமாகக் கொடுத்து இழுப்பைத் தணிக்கிற நிகோடின் கம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் அதைத் தப்பாகச் சாப்பிட்டு "நெஞ்சு எரியுது, வேலை செய்யல" என்று விட்டுவிடுகிறார்கள். 2 மில்லி கிராம் கம் மெடிக்கலில் கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைக்கிறவர் என்றால் டாக்டர் 4 எழுதித் தரலாம். மிட்டாய் கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. மெதுவாகப் பத்துப் பதினைந்து மெல்லு மெல்லுங்கள். சுள்ளென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் மறைந்ததும் திரும்ப நாலு மெல்லு, மறுபக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். மருந்து வாய்த் தோல் வழியாக ஏற வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் வயிற்றில் எரிச்சலும் விக்கலும்தான் மிச்சம். கம் போடுவதற்குக் கால் மணி முன்பிருந்து காபி, எலுமிச்சை, புளிப்பு எதுவும் வேண்டாம். இழுப்பு முற்றிய பிறகு தேடாமல், நோட்டில் குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். பல்செட் கட்டியவர்களுக்குக் கம் ஒட்டிக்கொண்டு படுத்தும். அவர்கள் சப்பும் மாத்திரையோ தோலில் ஒட்டும் பட்டையோ கேட்கலாம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். நான் மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன்.

பீடிக்குப் பதில் வெற்றிலையில் புகையிலை வைப்பது, மூக்குப்பொடிக்கு மாறுவது, பாக்கை அடக்கிக்கொள்வது எதுவும் வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒருவர் பீடியை விட்டுப் புகையிலை போட்டு, இரண்டு வருஷத்தில் தாடையை வெட்ட வேண்டி வந்தது. வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் ஒரு கிராம்பு, ஒரு துண்டு சுக்கு, உப்பில் ஊறின நெல்லிக்காய்.

இருமல் கூடினால் பயப்படாதீர்கள். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுகிற நுண்ணிய மயிர்கள் புகையில் படுத்துக்கிடந்தவை. திரும்ப வேலை செய்ய ஆரம்பித்ததும் பல வருஷத்துச் சளி மேலே வரும். எனக்கு ஒரு மாதம் வந்தது. "பீடிய விட்டதும் சளி வந்துட்டு, பீடிதான் சளிய அமுக்கி வச்சிருந்துச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மூன்று வாரமாகக் குரல் கம்முவது, மாலையில் காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சளி பரிசோதனை செய்கிறார்கள். காசநோயும் புகைப்பவர்களைத்தான் அதிகம் தேடி வரும்.

பேச ஆள் இல்லாதவர்கள், புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற அரசு எண்ணைக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. 2018 செப்டம்பரில் இருந்து புகையிலைப் பாக்கெட்டுகளில் எச்சரிக்கைப் படத்துக்குக் கீழே அச்சடித்து வரும் எண் இதுதான். நான் விட்ட காலத்தில் எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் மூன்றாம் நாள் 1.40-க்குக் கூப்பிட்டிருப்பேன்.

துட்டி வீடு

ஐந்தாம் மாதம். பெரியப்பா மகன் தவறிப்போனார். துட்டி வீட்டில் ஆண்கள் பந்தலுக்கு வெளியே நிற்போம், தேர் கட்டும் வரை வேலையும் இல்லை, பேச்சும் இல்லை. ஒருவர் பீடிக்கட்டை நீட்டினார். என் கை போனது எனக்கே தெரியவில்லை. ஒன்று குடித்தேன். மறுநாள் மூன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில் 8.

வெட்கத்தில் இரண்டு நாள் மனைவியிடம் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பெரிய தப்பு. திங்கட்கிழமை சொன்னேன். "சரி, பழைய நோட்டை எடுங்க" என்றாள், அவ்வளவுதான். அன்றே மெடிக்கலில் கம் வாங்கி, பழைய முறைப்படி தொடங்கினேன். இந்தத் தடவை மூன்றாம் நாள் அவ்வளவு கொடுமையாக இல்லை. ஐந்து மாதம் விட்டிருந்தது வீணாகப் போகவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போதும் துட்டி வீட்டுக்குப் போனால் வெளியே நிற்பதில்லை. உள்ளே போய்ப் பெஞ்ச் தூக்கிப் போடுவேன், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன், மயானம் வரை நடந்து போய் ஆற்றில் முங்கிவிட்டு நேரே வீடு. உங்களுக்கும் இப்படி ஓர் இடம் இருக்கும். சீட்டாட்டம் நடக்கும் மண்டபம், மகன் வீட்டு மொட்டை மாடி, எதுவோ. அது எது என்பது உங்கள் நோட்டில் ஏற்கெனவே இருக்கும். முன்கூட்டியே ஒரு வேலையைத் தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

விட்ட பிறகு உடம்பு

பீடியை விட்டதோடு வேலை முடியவில்லை. 42 வருஷம் புகை தின்ற உடம்பை மிச்சக் காலத்துக்குத் தாங்கும்படி செய்ய வேண்டும்.

மூச்சு வாங்குகிறவர்களுக்கு முதல் பாடம், உதடு குவித்து விடுவது. மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுங்கள். விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து நாலு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஊதித் தள்ளாதீர்கள், தானாகக் கசியட்டும். விசில் அடித்தே பிழைத்தவனுக்கு இது சுலபமாக வந்தது. படி ஏறும்போது கீழே நின்று மூச்சை இழுத்துக்கொண்டு, கால் தூக்கி ஏறும்போது விடுங்கள். நம் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள், அதுதான் திணறல்.

நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் சரியாகிற வலி இருந்தால், அது பெரும்பாலும் புகையால் ரத்தக்குழாய் சுருங்கினதன் அடையாளம். டாக்டரிடம் காட்டிவிட்டு நடையையே மருந்தாக்குங்கள். வலி நடுத்தரமாக வரும் வரை நடப்பது, நிற்பது, வலி போனதும் திரும்ப நடப்பது. அரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாளாவது, மூன்று மாதம். எனக்கு ரேஷன் கடை வரை நாலு தடவை நிற்க வேண்டியிருந்தது ஒரு தடவையாகக் குறைந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கால் வலித்தாலோ, விரலில் புண் ஆறாவிட்டாலோ நடையை நம்பி இருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

நடை மட்டும் போதாது என்பதை வயதானவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நம்மைச் சாய்ப்பது விழுவது. 65 தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது நிலை தடுமாறாமல் இருக்கும் பயிற்சியும் தசைக்குப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். ஐந்தில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டு போங்கள். நான் இப்போது பன்னிரண்டு. பிறகு சுவரோரம் ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து முப்பது எண்ணும் வரை நிற்பது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் போட்ட கால்கள் இவை, முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டேன்.

சாப்பாடு. நாக்கு திரும்பியதும் எல்லாம் ருசிக்கும், எடை ஏறும். நாலைந்து கிலோ ஏறுவது சாதாரணம், அதற்காகத் திரும்பப் பீடியைத் தொடுவதில் நியாயமே இல்லை. எனக்கு ஐந்து கிலோ ஏறி, இரண்டு இறங்கியது. ராத்திரி ரசம் சாதத்தோடு முடிக்கிற பழக்கத்தை மாற்றினேன். தசை கரையாமல் இருக்க, கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும். என் 60 கிலோவுக்கு 60 கிராம். காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், மத்தியானம் பருப்போ மீனோ, தயிர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் பிரஷரை ஏற்றும், அதைக் குறைத்துக்கொண்டேன். புளூ ஊசி வருஷம் ஒன்று, நிமோனியா ஊசி டாக்டர் சொன்னபடி. சளி பிடித்தால் நம் நுரையீரலில் இடமில்லை, அதனால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

நாளைக்கு 20 ரூபாய் என்று கணக்குப் போட்டு ஓவல்டின் டப்பா ஒன்றில் போட்டு வந்தேன். முதல் வருஷம் 7,300 ரூபாய். அதில் வீட்டுக்கு ஒரு பிரஷர் மிஷின், எனக்கு ஒரு ஜோடி நடைச் செருப்பு. மிச்சத்தை மனைவியிடம் கொடுத்தேன். 2019-இல் அவள் பீடி சுற்றுவதை நிறுத்தினாள், கண்ணும் முதுகும் ஒத்துழைக்கவில்லை. சுளகில் இப்போது அரிசி புடைக்கிறாள்.

படித்துறையில் இன்றைக்குக் காலை பதினான்காவது படியில் ஒரு தடவை நின்றேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு தடவை நின்றவன், ஒன்பது வயது கூடிய பிறகு.

தெரு முனையில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார், 68 வயது, அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்கு இன்று பதினோராம் நாள். நேற்றைய கணக்கு, இழுப்பு 7, பீடி 0. இன்னும் வயிறு மட்டும் வழிக்கு வரவில்லை என்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு நோட்டோடு வருவார். நாட்டுப்பழம் ஒரு சீப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.